மரக்கால் யார் கையில்: வேளாண்மையில் அரசு–தனியார் கூட்டு

வேளாண்மையில் அரசு–தனியார் கூட்டு என்பது, விதை ஆராய்ச்சி, கொள்முதல், சேமிப்பு, காப்பீடு போன்ற ஒரு பணியை அரசு அமைப்பும் தனியார் நிறுவனமும் ஒப்பந்தத்தின்படியோ சட்டத்தின்படியோ சேர்ந்து நடத்தும் ஏற்பாடு. அரசு டெண்டர் விட்டு உரம் வாங்குவது கூட்டு ஆகாது. பணம் கைமாறியதும் அந்த உறவு முடிந்துவிடுகிறது. கூட்டில் இரு தரப்பும் முதல் போடுகின்றன. மரபுவளச் சேகரிப்பு, ஆராய்ச்சி நிலையம், நிலம், மானியம், சட்டத்தின் அதிகாரம் ஆகியவை அரசின் பங்கு. தனியார் தரப்பு மூலதனத்தையும், பெருமளவில் உற்பத்தி செய்யும் திறனையும், ஊர்தோறும் பரவிய விற்பனை வலையையும் கொண்டுவருகிறது.

இந்த ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுபவர்கள் இருவர். பலனையும் பாதிப்பையும் அனுபவிப்பவர் மூன்றாமவரான விவசாயி. மழை பொய்த்தாலும், நோய் தாக்கினாலும், விலை சரிந்தாலும் முதல் அடி அவருடைய வயலில் விழுகிறது. எனவே எந்தக் கூட்டையும் எடைபோட நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. அரசு எதைக் கொடுக்கிறது? நிறுவனம் எதைக் கொடுக்கிறது? லாபம் யாருக்கு? நட்டம் யார் தலையில்? முதல் மூன்றுக்கும் ஒப்பந்தப் பத்திரத்தில் விடை இருக்கும். நான்காவது பல சமயம் எழுதப்படாமலே விடப்படுகிறது.

தமிழ் உழவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. நிலத்தை வாரத்துக்கு விட்டால் விளைந்ததில் பங்கு. விளைச்சல் குறைந்தால் நிலக்காரரின் பங்கும் குறையும். குத்தகைக்கு விட்டால், விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும்; நட்டம் முழுவதும் பயிரிட்டவருடையது. வாரத்தில் நட்டம் பகிரப்படுகிறது என்றாலும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: களத்துமேட்டில் அளக்கும் மரக்காலை இரு தரப்பும் நம்ப வேண்டும். இன்றைய கூட்டு ஒப்பந்தங்களின் சட்டமொழியை விலக்கிப் பார்த்தால், உள்ளே இருப்பது வாரமோ குத்தகையோ இரண்டும் கலந்ததோதான். விதை, கரும்பு, காப்பீடு, சேமிப்பு ஆகிய துறைகளில் இந்தியாவுக்குக் கிடைத்த அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

கூட்டு தேவைப்படுவது ஏன்

நெல், கோதுமை, உளுந்து போன்ற பயிர்களில் விதையை ஒருமுறை வாங்கிய விவசாயி, அடுத்த போகத்துக்குத் தன் விளைச்சலிலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாம். ஒரு ரகத்தை உருவாக்கப் பல ஆண்டுகள் செலவிட்ட நிறுவனத்துக்கு இதில் வரவு இல்லை. வீரிய ஒட்டு ரகங்களின் கதை வேறு. இரண்டு பெற்றோர் வரிசைகளைக் கலந்து பெறும் முதல் தலைமுறை விதை மட்டுமே முழு வீரியத்தோடு, ஒரே சீராக விளையும். அதிலிருந்து எடுத்து வைத்த விதையில் வீரியம் குன்றிவிடும். விவசாயி ஒவ்வோர் ஆண்டும் கடைக்கு வந்தாக வேண்டும். தனியார் ஆராய்ச்சி மக்காச்சோளம், பருத்தி, கம்பு, காய்கறி ஆகியவற்றின் பக்கம் சென்றதற்கும், சாமை, வரகு, கொள்ளு போன்றவை அரசு நிலையங்களின் பொறுப்பாகவே நின்றுவிட்டதற்கும் இதுவே அடிப்படைக் காரணம்.

அரசு தரப்பின் குறை வேறொன்று. நல்ல ரகத்தை வெளியிடுவதோடு அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். வேண்டிய அளவு விதையைப் பெருக்கி, பருவம் தவறாமல் ஊருக்குக் கொண்டுசேர்ப்பது அதற்குக் கடினம். 1963இல் தேசிய விதைக் கழகம் அமைந்தது. 1966இல் விதைச் சட்டம் வந்தது. ஆயினும் தேவைக்கும் வரத்துக்கும் இடையே இருந்த பள்ளம் நிரம்பவில்லை. 1988இல் வெளியான புதிய விதைக் கொள்கை வெளிநாட்டு விதைகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. ஆராய்ச்சி ஒரு கையிலும் விற்பனை மறு கையிலும் இருந்த நிலையில் இரண்டையும் இணைக்கும் ஏற்பாடுகள் அதன் பிறகே வலுப்பெற்றன.

கம்பு: பொதுவில் நிற்கும் பெற்றோர்

இந்தியாவில் விதைத் துறைக் கூட்டு நன்றாக வேரூன்றிய பயிர் கம்பு. அதன் வரலாறு ஒரு வெற்றியில் தொடங்கி, ஒரு பேரிழப்பு வழியாகச் செல்கிறது.

கம்பில் ஒரே கதிரில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. மகரந்தம் காற்றில் பரவும். ஒட்டு விதை பெற வேண்டுமானால் தாய் வரிசையில் மகரந்தம் உருவாகாதபடி செய்ய வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டு வரிசை இதற்கு வழி செய்தது. அதைத் தாயாகக் கொண்டு லூதியானாவில் தில்பாக் சிங் அத்வால் உருவாக்கிய எச்பி 1 என்ற ஒட்டு ரகம் 1965இல் வெளியானது. விளைச்சலில் அது பழைய ரகங்களைப் பெரிதும் விஞ்சியது. தொடர்ந்து வந்த ஒட்டு ரகங்களும் அதே தாயின் பிள்ளைகளாகவே இருந்தன. 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் கொள்ளையாகப் பரவியபோது, தாய் ஒன்றே என்பதால் ஒன்றைத் தாக்கிய நோய் எல்லாவற்றையும் தாக்கியது. கதிர் வரவேண்டிய இடத்தில் இலைக்கொத்து வந்தது. நட்டம் முழுவதும் பயிரிட்டவர்களுக்கே.

மரபுவளம் குறுகினால் ஆபத்து பெருகும் என்பது இதில் கிடைத்த பாடம். 1972இல் ஹைதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் தொடங்கப்பட்ட இக்ரிசாட் என்னும் பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம், ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கம்பு வகைகளைத் திரட்டி, நோயைத் தாங்கும் புதிய ஆண்மலட்டு வரிசைகளையும் தந்தை வரிசைகளையும் உருவாக்கியது. இவை பல்கலைக்கழகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் தாராளமாகக் கிடைத்தன. வளர்ந்து வந்த விதை நிறுவனங்கள் சொந்தமாகப் பெரிய மரபுவளச் சேகரிப்பு இல்லாமலே பல ஒட்டு ரகங்களைச் சந்தைக்குக் கொண்டுவர முடிந்ததற்கு இந்தத் தாராளமே காரணம்.

1990களில் பன்னாட்டு ஆராய்ச்சி நிலையங்களுக்கு வந்த நிதி சுருங்கியது. 2000ஆம் ஆண்டில் இக்ரிசாட் ‘ஒட்டுப் பெற்றோர் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு’ ஒன்றைத் தொடங்கியது. முதலில் சோளமும் கம்பும், பின்னர் துவரையும் அதில் இடம்பெற்றன. உறுப்பினராகும் விதை நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்துகிறது. பயிர் முற்றும் காலத்தில் அதன் ஆராய்ச்சியாளர்கள் பட்டாஞ்சேரு வயலுக்கு வந்து, தமக்கு வேண்டிய பெற்றோர் வரிசைகளைத் தேர்ந்துகொள்கிறார்கள். அவற்றைத் தம் வரிசைகளோடு கலந்து ஒட்டு ரகம் உருவாக்கி, தம் சொந்தப் பெயரில் விற்கிறார்கள். ஒரு பெற்றோர் வரிசையைத் தனக்கு மட்டும் என்று எந்த நிறுவனமும் உரிமை கொண்டாட முடியாது. அரசு ஆராய்ச்சி நிலையங்களுக்கு அதே விதை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இந்த ஏற்பாடு நிலைத்ததற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, பெற்றோர் வரிசைகள் பொதுவில் இருக்கின்றன. நிறுவனங்களுக்கிடையிலான போட்டி கடைசிப் படியான ஒட்டு ரகத்தில் நடக்கிறது. ஆகவே சந்தையில் ஒரே ரகத்தின் ஆதிக்கம் ஏற்படாமல் பல ரகங்கள் உலவுகின்றன. டிஃப்ட் 23ஏ காலத்து ஆபத்து குறைகிறது. இரண்டாவது, கட்டணம் குறைவு என்பதால் சிறிய நிறுவனங்களும் சேர முடிகிறது. மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது. கம்புக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் 1965 முதல் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் சோதனைப் பயிர் நடத்துகிறது. அரசு ரகமும் நிறுவன ரகமும் ஒரே வயலில், ஒரே அளவுகோலால் ஒப்பிடப்படுகின்றன. விளைச்சலை அளக்கும் மரக்கால் விற்பவரின் கையில் இல்லை.

குறையும் உண்டு. நிறுவனங்கள் நல்ல மழையும் ஓரளவு பாசனமும் உள்ள பகுதிகளுக்கே ரகம் தேடுகின்றன. விதை அங்கேதான் விற்கும். ஆண்டு மழை 400 மில்லிமீட்டருக்கும் குறைவான மேற்கு ராஜஸ்தானின் தேவை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அந்த இடைவெளியை அரசு ஆராய்ச்சி நிரப்பியதற்கு எச்எச்பி 67 நல்ல சான்று. ஹிசாரில் உள்ள ஹரியானா வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட இந்தக் குறுகிய கால ரகம், மழை சீக்கிரம் நின்றுவிடும் பகுதிகளுக்கு ஏற்றது. நாளடைவில் அதுவும் அடிச்சாம்பல் நோய்க்கு ஆட்பட்டபோது, இக்ரிசாட்டும் பிரிட்டனின் பாங்கர் பல்கலைக்கழகமும் துணைநிற்க, மரபணு அடையாளங்களின் உதவியோடு அதன் பெற்றோருக்கு நோய் எதிர்ப்பு சேர்க்கப்பட்டது. மேம்படுத்தப்பட்ட ரகம் 2005இல் வெளியானது. லாபம் குறைந்த நிலத்தில் அரசே முன்னால் நிற்க வேண்டும் என்பதையும், அதற்கான ஆராய்ச்சிப் பணத்தைக் கூட்டின் பெயரால் சுருக்கிவிடக் கூடாது என்பதையும் இந்த ரகம் நினைவூட்டுகிறது.

பருத்தியும் கத்தரியும்

கம்புக்கு நேர்மாறான பாதையில் சென்றது பருத்தி. காய்ப்புழுவை எதிர்க்கும் பிடி (Bt) மரபணுவைக் கொண்ட பருத்திக்கு 2002 மார்ச்சில் இந்திய அரசு அனுமதி அளித்தது. தொழில்நுட்பம் மான்சான்டோ, மஹிகோ நிறுவனங்களின் கூட்டு முயற்சி; அரசு ஆராய்ச்சிக்கு அதில் பங்கில்லை. 450 கிராம் விதைப் பொட்டலம் 1,600 ரூபாய் அளவில் விற்றது. ஒப்பந்தத்தின் வழியாக விலையில் தலையிட இடமில்லாததால், ஆந்திர அரசு 2006இல் ஏகபோக வணிகத் தடுப்பு ஆணையத்தை நாடியது. அதன்பின் விலை 750 ரூபாய் அளவுக்கு இறங்கியது. 2015இல் பருத்தி விதை விலைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. முதலிலேயே கூட்டாளியாக அமர்ந்து பேசியிருக்க வேண்டியதை, பிறகு வழக்காலும் ஆணையாலும் பெற வேண்டியிருந்தது.

கத்தரியில் அரசு முதலிலேயே கூட்டாளியானது. தண்டு மற்றும் காய்த்துளைப்பான் கத்தரிக்குப் பெரும் பகை. அதைக் கட்டுப்படுத்த விவசாயிகள் ஒரே பருவத்தில் பலமுறை பூச்சிமருந்து தெளிக்கிறார்கள். மஹிகோ தன் பிடி மரபணுத் தொழில்நுட்பத்தைக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம், வாராணசி காய்கறி ஆராய்ச்சி நிலையம் ஆகியவற்றுக்கு வழங்கியது. அமெரிக்க அரசின் நிதியில் கார்னெல் பல்கலைக்கழகம் நடத்திய திட்டம் இந்த இணைப்புக்குப் பாலமாக இருந்தது. சந்தை இரண்டாகப் பிரிக்கப்பட்டது: ஒட்டு ரகங்களை நிறுவனம் விற்கும், விதை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய ரகங்களைப் பல்கலைக்கழகங்கள் குறைந்த விலையில் கொடுக்கும். கோவை 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1 ஆகிய தமிழ்நாட்டு ரகங்கள் இவ்வாறு மாற்றப்பட்டன. உடுப்பியின் மட்டுகுள்ளா உள்ளிட்ட கர்நாடக நாட்டுக் கத்தரிகளும் அந்த வரிசையில் இருந்தன.

லாபப் பங்கீட்டின் கண்ணோட்டத்தில் இது நியாயமான ஒப்பந்தம். ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. 2009 அக்டோபர் 14 அன்று மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அனுமதி அளித்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொது விசாரணை நடத்தினார். பல மாநில அரசுகள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2010 பிப்ரவரி 9 அன்று அவர் காலவரையற்ற இடைநிறுத்தத்தை அறிவித்தார். பாதுகாப்புச் சோதனைகள் பெரும்பாலும் நிறுவனத்தின் பொறுப்பிலேயே நடந்தன என்பதும், சார்பற்ற சோதனை போதாது என்பதும் அந்த முடிவின் முக்கியக் காரணங்களில் அடங்கும். நாட்டுக் கத்தரிகளைப் பயன்படுத்துமுன் பல்லுயிர்ச் சட்டப்படி அனுமதி பெறவில்லை என்ற புகார் பின்னர் எழுந்தது. சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையம் சட்ட நடவடிக்கைக்கு முனைந்தது.

அதே தொழில்நுட்பம் வங்கதேசத்தில் வேறு வழியில் சென்றது. அந்நாட்டு வேளாண் ஆராய்ச்சி நிலையம் தன் சொந்த ரகங்களில் மரபணுவைச் சேர்த்து, 2013 அக்டோபரில் நான்கு ரகங்களுக்கு அனுமதி பெற்றது. 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்று வழங்கப்பட்டது. விதையை அவர்களே எடுத்து வைத்துக்கொள்ளலாம். இரு நாடுகளின் முடிவுகளில் எது சரி என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. கூட்டின் அமைப்பைப் பொறுத்தவரை ஒன்று தெளிவு: பங்கீடு நியாயமாக இருந்தாலும், பாதுகாப்பை அளந்தவர் விற்பவரே என்றால், அந்த அளவை மக்கள் ஏற்பதில்லை. கம்பில் இருந்த பொதுமரக்கால் கத்தரியில் இல்லாமல் போயிற்று.

கரும்பு: நிலுவை என்னும் நட்டம்

கரும்பில் கூட்டு நூறாண்டு பழமையானது. 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கியது. சார்லஸ் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் தடித்த கரும்பைக் காட்டு நாணல் இனத்தோடு கலந்து கோ 205 என்ற ரகத்தை உருவாக்கினர். 1918இல் அது வட இந்தியாவுக்கு வெளியிடப்பட்டது. அதன்பின் ‘கோ’ எழுத்தோடு தொடங்கும் ரகங்கள் நாடெங்கும் பரவின. ரகம் அரசுடையது, ஆலை பெரும்பாலும் தனியாருடையதோ கூட்டுறவுடையதோ, நிலம் விவசாயியுடையது. இம்மூன்றையும் 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்றாகக் கட்டியது.

ஆணைப்படி ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது. அப்பகுதி விவசாயி தன் கரும்பை ஆலையில் பதிவு செய்கிறார். கரணையும் கடனுதவியும் ஆலைவழிக் கிடைக்கும். வெட்டு உத்தரவு வந்த பிறகு கரும்பை வெட்டி அனுப்ப வேண்டும். அனுப்பிய 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. மத்திய அரசு 2009 முதல் நியாயமான, ஆதாய விலையை அறிவித்து வருகிறது. 2024–25 பருவத்தில் 10.25 விழுக்காடு சர்க்கரைக் கட்டுமானமுள்ள (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதம்) கரும்புக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய், கட்டுமானம் 9.5 விழுக்காடோ அதற்குக் குறைவோ என்றால் 315 ரூபாய் 10 காசு.

பழைய சொல்லில் இது குத்தகை. சர்க்கரை விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆலை பேசிய விலையைக் கொடுத்தாக வேண்டும். நட்டம் ஆலையின் தலையில் என்பதே சட்டத்தின் கருத்து. நடைமுறை வேறு. சர்க்கரை விலை சரியும் ஆண்டுகளில் ஆலைகள் பணத்தைத் தள்ளிப்போடுகின்றன. காகிதத்தில் ஆலைக்குச் சேர்ந்த நட்டம் ‘நிலுவை’ என்ற பெயரில் விவசாயியிடமே வந்து சேர்கிறது. தமிழ்நாட்டில் மாநில அரசு மத்திய விலைக்கு மேல் பரிந்துரை விலை அறிவித்த காலத்தில், அந்தக் கூடுதல் தொகையைத் தனியார் ஆலைகள் ஏற்க மறுத்து நிலுவை பல ஆண்டுகள் நீண்டது. சில ஆலைகள் திவால் நடவடிக்கைக்குள் சென்றபோது, கரும்பு கொடுத்தவர்கள் கடன் கொடுத்த வங்கிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்க நேர்ந்தது. ஒதுக்கப்பட்ட பகுதி என்பதால் வேறு ஆலைக்குக் கரும்பைக் கொண்டுபோகவும் எளிதில் வழியில்லை. ஒரே ஒருவருக்குத்தான் விற்கலாம் என்ற கட்டுப்பாடு, பணம் உரிய நாளில் வரும் என்ற உறுதியோடு சேர்ந்தே நியாயமாகும்.

2012இல் சி. ரங்கராஜன் குழு வார முறையைப் பரிந்துரைத்தது. சர்க்கரையும் முதன்மை உபபொருள்களும் விற்ற வருவாயில் 70 விழுக்காடு, அல்லது சர்க்கரை மட்டும் விற்ற வருவாயில் 75 விழுக்காடு விவசாயிக்கு. மத்திய விலை அதற்குத் தரைமட்டமாக இருக்கும். தமிழ்நாடு 2018இல் வருவாய்ப் பங்கீட்டுக்குச் சட்டம் இயற்றியது. கோட்பாட்டில் இது விவசாயிக்கு நல்லது. விலை ஏறும்போது அவர் பங்கும் ஏறும். ஆனால் பரிந்துரை விலையை இழந்த விவசாயிகள் இதை ஐயத்தோடு பார்த்தனர். அந்த ஐயத்துக்குக் காரணம் உண்டு. பழைய வாரத்தில் நெல்லை அளந்தது திறந்த களத்தில். நிலக்காரரும் பயிரிட்டவரும் எதிரெதிரே நின்றார்கள். ஆலையில் களம் என்பது கணக்குப் புத்தகம். கட்டுமானத்தை அளப்பது ஆலையின் ஆய்வகம், எடைமேடையும் ஆலையுடையது, சர்க்கரை, கழிவுப்பாகு, சக்கை ஆகியவை எந்த விலைக்கு விற்றன என்பது ஆலைக்கே தெரியும். இவற்றை விவசாயிகளின் பேராளர்கள் முன்னிலையில் சார்பற்ற தணிக்கை சரிபார்க்காத வரை, வாரம் பெயரளவில் நிற்கும்.

இடைவெளியை இப்போது மாநில அரசின் பணம் நிரப்புகிறது. 2024–25 அரவைப் பருவத்துக்குத் தமிழ்நாடு அரசு டன்னுக்கு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை அறிவித்தது. குறைந்த கட்டுமானக் கரும்புக்கான 3,151 ரூபாயோடு சேர்ந்து டன் விலை 3,500 ரூபாயானது. கூட்டில் தீர்க்கப்படாத நட்டம் கடைசியில் கருவூலத்தை வந்தடைகிறது என்பதற்கு இது கண்கூடான சான்று.

காப்பீடு: அறுவடைப் பரிசோதனையின் எடை

2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம், வேளாண்மையில் இன்றுள்ள கூட்டுகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. மாவட்டங்களைத் தொகுதிகளாகப் பிரித்து, அரசு, தனியார் காப்பீட்டு நிறுவனங்களிடம் பிரீமிய விகிதம் கேட்கப்படுகிறது. குறைந்த விகிதம் கேட்ட நிறுவனம் அத்தொகுதியைப் பெறுகிறது. விவசாயி காரிஃப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடும், ராபி பயிருக்கு 1.5 விழுக்காடும், பணப்பயிர், தோட்டப்பயிருக்கு 5 விழுக்காடும் செலுத்துகிறார். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. 2020இல் மத்திய அரசு தன் பங்குக்கு உச்சவரம்பு விதித்தது: மானாவாரிக்கு 30 விழுக்காடு பிரீமியம் வரை, பாசனப் பகுதிக்கு 25 விழுக்காடு வரை. அதற்கு மேற்பட்ட சுமை மாநிலத்துக்கு. கடன் வாங்கிய விவசாயிகளுக்குக் கட்டாயம் என்ற விதியும் அப்போதே நீங்கியது.

இழப்பீடு தனி வயலைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமத்திலோ ஊராட்சியிலோ குலுக்கலில் தேர்ந்த சில வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கிறது. ஊரின் சராசரி விளைச்சல் அதிலிருந்து கிடைக்கிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்து ஆண்டுகளின் சராசரியை வைத்து வரம்பு விளைச்சல் நிர்ணயிக்கப்படுகிறது. வரம்பு ஏக்கருக்கு 2,000 கிலோ என்றும், இந்த ஆண்டு ஊர்ச் சராசரி 1,500 கிலோ என்றும் கொண்டால், குறைவு நான்கில் ஒரு பங்கு. ஊரில் காப்பீடு செய்த எல்லாருக்கும் காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு கிடைக்கும். தன் வயல் முழுவதும் அழிந்தவருக்கும் 25 விழுக்காடு. தன் வயல் தப்பியவருக்கும் 25 விழுக்காடு. அண்டை வயல்கள் நன்றாக விளைந்து, தன் வயல் மட்டும் மூழ்கியவருக்கு இந்தக் கணக்கில் ஒன்றும் வராது. ஆலங்கட்டி மழை, வெள்ளத் தேக்கம் போன்ற சில உள்ளூர்ப் பேரிடர்களுக்கு மட்டும் தனி வயல் மதிப்பீடு உண்டு.

ஆகவே முழு ஏற்பாடும் ஒரு சில வயல்களில் அறுத்து நிறுத்த நெல்லின் எடையின் மேல் நிற்கிறது. அந்த எடை குறைந்தால் நிறுவனம் கொடுக்க வேண்டும். கூடினால் விவசாயி இழக்கிறார். சோதனை உரிய நாளில் நடக்கவில்லை என்றோ, எடை சரியாகப் பதியப்படவில்லை என்றோ இரு பக்கத்திலிருந்தும் தகராறு எழுவது இதனால்தான். மாநில அரசு மானியப் பங்கைத் தாமதித்தால் நிறுவனம் இழப்பீட்டைத் தாமதிக்கிறது. இருவர் தாமதத்துக்கும் 12 விழுக்காடு வட்டி என்ற விதி 2018இல் சேர்க்கப்பட்டது. கைப்பேசிச் செயலி வழியே இடமும் நேரமும் பதிவாகின்றன. 2023 முதல் நெல், கோதுமை விளைச்சல் மதிப்பீட்டில் செயற்கைக்கோள் வழிக் கணிப்புக்குக் குறைந்தது 30 விழுக்காடு எடை தரப்படுகிறது.

பீகார், மேற்கு வங்கம், குஜராத் முதலிய மாநிலங்கள் பிரீமியச் சுமையைக் காரணம் காட்டித் திட்டத்திலிருந்து வெளியேறின. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2020இல் ஒரு மாற்று ஏற்பாடு வந்தது. இழப்பீடு பிரீமியத்தில் 110 விழுக்காடு வரை நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு மேல் மாநில அரசுடையது. இழப்பீடு குறைவாக இருந்தால், நிறுவனம் பிரீமியத்தில் 20 விழுக்காட்டைத் தன் ஊதியமாக எடுத்துக்கொண்டு மீதியை மாநிலத்திடம் திருப்பித் தர வேண்டும். லாபத்துக்கும் நட்டத்துக்கும் இரு பக்கமும் வரப்பு கட்டப்பட்டது. நல்ல ஆண்டில் நிறுவனம் அளவுக்கு மீறி ஈட்ட முடியாது. பேரிடர் ஆண்டில் மூழ்கிப் போகவும் வேண்டாம். எல்லை வகுத்த வாரம் என்று இதைச் சொல்லலாம்.

சேமிப்பு: உறுதியான வாடகை

சேமிப்புக் கிடங்குகளில் நடப்பது கலப்பற்ற குத்தகை. இந்திய உணவுக் கழகத்துக்காக அதானி அக்ரி லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் பஞ்சாபின் மோகாவிலும் ஹரியானாவின் கைத்தலிலும் தலா 2 லட்சம் டன் கொள்ளளவுள்ள உருக்குக் களஞ்சியங்களைக் கட்டி, 2007இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. கோதுமை மூட்டை இல்லாமல் கொட்டி வைக்கப்படுகிறது. தனி ரயில் பெட்டிகளில் சென்னை, கோவை, பெங்களூரு முதலிய நகரங்களின் கிளைக் களஞ்சியங்களுக்கு வருகிறது. கட்டுவதும் நடத்துவதும் நிறுவனம். ஒரு குறிப்பிட்ட கொள்ளளவுக்கு இருபதாண்டுக் காலம் பயன்பாட்டுக் கட்டணம் தருவதாக அரசு உறுதியளித்தது. 2008இல் வந்த தனியார் தொழில்முனைவோர் உத்தரவாதத் திட்டமும் இதே அடிப்படையில் கிடங்குகளுக்கு ஆண்டுக்கணக்கில் வாடகை உறுதி தந்தது.

இங்கே குத்தகை பொருந்துகிறது. கிடங்கு கட்டுவதற்கான செலவு முன்னதாகவே தெரியும். வானிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உறுதியான வருமானம் இல்லாமல் யாரும் அவ்வளவு முதல் போட மாட்டார்கள். களஞ்சியம் நிறையாத ஆண்டுகளிலும் அரசு கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அதற்கு விலை. ஆகவே எவ்வளவு கொள்ளளவு, எந்த இடத்தில், எத்தனை ஆண்டு என்ற தொடக்கக் கணக்கே இத்தகைய ஒப்பந்தங்களின் உயிர்நாடி. அது தவறினால் பின்னால் திருத்துவது கடினம்.

நிலைக்கும் கூட்டின் இலக்கணம்

இந்த அனுபவங்களிலிருந்து சில பொதுக் கூறுகளைத் திரட்டலாம்.

முதலாவது, மழை, நோய், சந்தை விலை ஆகியவற்றோடு பிணைந்த பணிகளுக்கு வாரமும், செலவு முன்கூட்டியே தெரிந்த கட்டுமானப் பணிகளுக்குக் குத்தகையும் ஏற்றவை. கரும்பு விலையில் நேர்ந்தது போல இவை இடம் மாறினால் நட்டம் மறைமுகமாக விவசாயியிடமே திரும்புகிறது.

இரண்டாவது, விதையும் மரபுவளமும் பொதுவில் நிற்க வேண்டும். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இதற்கு நல்ல துணை. ரகத்தை உருவாக்கியவருக்கு உரிமை வழங்கும் அதே சட்டம், விதையை எடுத்து வைக்கவும், விதைக்கவும், பரிமாறவும், வணிகப் பெயரின்றி விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. சொன்னபடி விளையாத விதைக்கு இழப்பீடு கோரவும் அதன் 39ஆம் பிரிவில் இடமுண்டு. இந்தப் பிரிவைக் கூட்டு ஒப்பந்தங்களிலேயே எழுதிவிட்டால், நட்டம் யாருக்கு என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மூன்றாவது, விவசாயியின் ஒப்புதல் எழுத்தில் வர வேண்டும். 2019இல் தமிழ்நாடு இயற்றிய ஒப்பந்தப் பண்ணையச் சட்டம், முன்னதாகப் பேசிய விலையையும் ஒப்பந்தப் பதிவையும் தகராறு தீர்க்கும் வழியையும் வகுத்தது. அது தனியார் ஒப்பந்தங்களுக்கானது. அரசு பங்காளியாக உள்ள கூட்டுகளுக்கும் அதே அளவு தெளிவு தேவை.

நான்காவது எல்லாவற்றுக்கும் அடிப்படை. கம்பு நிலைத்தது, பொதுச் சோதனை வயல் இருந்ததால். கத்தரி முடங்கியது, பாதுகாப்பை அளந்தவர்மேல் நம்பிக்கை இல்லாததால். கரும்பில் தகராறு தொடர்வது கட்டுமானமும் கணக்கும் ஒரு தரப்பின் கையில் இருப்பதால். காப்பீட்டில் தகராறு அறுவடைப் பரிசோதனையின் எடையில். நான்கிலும் பணத்தைவிட அளவே முடிவைத் தீர்மானித்தது. மூலதனம், தொழில்நுட்பம், விற்பனை ஆகியவற்றை அரசு பிறரிடம் விடலாம். விதையைச் சோதிப்பது, விளைச்சலை நிறுப்பது, கணக்கைத் தணிக்கை செய்வது ஆகியவற்றை விட முடியாது. ஆய்வகமும் சோதனை வயலும் புள்ளிவிவரத் துறையும் கிராம அலுவலரும் அந்த வேலைக்கு வேண்டிய ஆளும் பணமும் பெற்றிருக்க வேண்டும். கூட்டில் அரசின் தலையாய முதலீடு அதுவே. மரக்காலைப் பொதுவில் வைத்திருக்கும் வரை வாரமோ குத்தகையோ எதுவாயினும், பங்கு குறைந்தவர் ஏன் குறைந்தது என்று கேட்டு விடை பெற முடியும்.